தளத்துக்குக் கீழே நின்ற கவர்னர்

மைசூர் ரிங் ரோட்டை விட்டு மேட்டகள்ளிக்குள் திரும்பியதும் இடது கைப் பக்கம் ஒரு யார்டு வரும். சென்ட்ரிங் ஷீட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இரும்பு ஜாக்கிகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். கழிவு எண்ணெய் வாசம் தெருமுனை வரைக்கும் எதிர்கொண்டு வரவேற்கும். யார்டின் கோடியில்தான் வீடு. போன ஐப்பசியில் ஒரு நாள் காலை அந்த வீட்டு வாசலில் இரண்டு போலீஸ் ஜீப்பும் ஓர் ஆம்புலன்ஸும் நின்றன. கொல்லைக் குழாயடியில், தோளில் துண்டோடு, ஒரு மாநிலத்தின் கவர்னர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ரத்தினவேல். வயது அறுபத்தேழு. ஹனூர்ப் பக்கம் மார்டள்ளியில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு மைசூருக்கு வந்து, சென்ட்ரிங் வேலை பார்த்து, பின்னால் தொழிலதிபராகி, வடக்கே ஒரு சின்ன மலை மாநிலத்துக்குக் கவர்னராகப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊர்க் கோயில் பொங்கலுக்காக இரண்டு நாள் வந்திருந்தார். அரசு விருந்தினர் மாளிகையில் அறை தயாராக இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னதற்கு, "என்ற ஊருக்கு வந்துபோட்டு இன்னொருத்தர் ஊட்டுல படுக்கறதுங்ளா?" என்று கேட்டுவிட்டு நேராக யார்டுக்கு வந்துவிட்டார்.

வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது வக்கீல் ஸ்ரீவத்ஸன் முற்றத்தில் நின்றிருந்தார். மேல்கோட்டை வழி வந்த மைசூர்க் குடும்பம். கட்சியில் பெரிய கை. ரத்தினவேலின் பெயரைக் கவர்னர் பதவிக்கு டெல்லியில் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். கக்கத்தில் ஒரு பழுப்பு உறை.

"கவர்னர்வாளுக்கு நமஸ்காரம்."

"வாங்க வக்கீலய்யா. கவர்னரு குளிக்கப் போயிருக்காருங். ரத்தினவேலு இருக்கறான், பேசுங்."

ஸ்ரீவத்ஸன் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் உறையைப் பிரித்துவிட்டார். உள்ளே இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கடைசியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, கீழே ரத்தினவேலின் பெயர்.

விஷயம் இதுதான். அந்த மலை மாநிலத்தில் முந்தின நாள் ஆளுங்கட்சியிலிருந்து எட்டு எம்.எல்.ஏ.க்கள் விலகுவதாக எழுதிக்கொடுத்திருந்தார்கள். முதலமைச்சர் தனக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்றார். சட்டசபை கூடப் பதினோரு நாள் இருந்தது. டெல்லிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆட்சி நிலைகுலைந்துவிட்டது, கலைத்துவிடலாம் என்று கவர்னர் ஓர் அறிக்கை எழுதினால் போதும். சட்டசபை கூட வேண்டிய தேவையே வராது. எழுதும் சிரமத்தையும் டெல்லியே எடுத்துக்கொண்டிருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சாயங்காலத்துக்குள்ள போயாகணும். போடலைன்னா..." என்று ஸ்ரீவத்ஸன் குரலைத் தாழ்த்தினார். "உங்க இடத்துக்கு வேற பேரு ரெடியா இருக்கு. சிநேகிதனா சொல்றேன்."

"படிக்கறனுங். எனக்குக் கொஞ்சம் நேரமாகும். உக்காருங்."

ரத்தினவேல் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்தார். எட்டாவது படித்தவரின் ஆங்கிலம். ஒவ்வொரு வரியாக விரல் ஊர்ந்தது. டெல்லி காத்திருந்தது.

அந்த விரலைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. கவர்னராகப் பதவியேற்ற அன்று, ஆங்கில உறுதிமொழியைத் தமிழ் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அந்தப் படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது. 'சென்ட்ரிங் கவர்னர்' என்று பெயர் வைத்தார்கள். மைசூரில் சிலர், தமிழனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்றார்கள். தமிழ்நாட்டில் சிலர், கன்னடக்காரருக்குப் போய்விட்டதே என்றார்கள். நிருபர் ஒருவர் மைக்கை நீட்டி, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, "எல்லையில இருக்கற பாலாறு செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பொறந்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சுப் பேசறேன். ரெண்டும் என்ற பக்கந்தானுங்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சிரித்தவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. முந்தின நாள் அந்த அட்டையை வைத்துக்கொண்டு செயலாளரிடம் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டார். அரசமைப்பைக் காப்பேன், அந்த மாநில மக்களின் நலனுக்கு உழைப்பேன் என்று அதில் வருகிறது. இங்கிலீஷில் மளமளவென்று வாசித்த எத்தனை பேர் அப்படி அர்த்தம் கேட்டுவிட்டு வாசித்திருப்பார்கள்? விரல் வைத்துப் படிப்பவன் ஒரு வார்த்தையையும் தாண்டிப் போக மாட்டான்.

பதினைந்து வயதில் ஹனூரில் பஸ் ஏறி, கொள்ளேகால் வழியாக மைசூர் வந்து இறங்கினார் ரத்தினவேல். முதலில் கான்கிரீட் சட்டி சுமந்தார். பிறகு சென்ட்ரிங் ஆளானார். வீட்டுக்குத் தளம் போடும்போது கான்கிரீட்டை அந்தரத்திலா ஊற்ற முடியும்? கீழே ஷீட்டு பரப்பி, அதைத் தாங்க வரிசையாகக் கம்புகள் நிறுத்த வேண்டும். அந்தக் கம்புகளுக்குத்தான் முட்டு என்று பெயர். தளம் இறுகும் வரைக்கும் பாரமெல்லாம் முட்டின் மேல். இறுகின பிறகு முட்டைப் பிரிப்பார்கள். எந்த நாளில் பிரிக்கிறோம் என்பதில்தான் சென்ட்ரிங்காரனின் தொழில் முழுக்க அடங்கியிருக்கிறது.

இருபத்து நாலு வயதில் சொந்தமாக நாற்பது ஷீட்டு வைத்திருந்தார். கூடவே மார்டள்ளியிலிருந்து வந்த ஜடையன். எண்பத்தொன்றாம் வருஷம் தை மாதம், சரஸ்வதிபுரத்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் பெயர் பாச்சு. ஹாலே பதினெட்டு அடி அகலம். குளிர்காலம், கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். இருபத்தோரு நாள் விடுங்கள் என்று கேட்டார் ரத்தினவேல். பாச்சுவுக்கோ பத்தாம் நாள் கிரகப்பிரவேச முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஹாலுக்கு நடுவே கம்புக் காடு நின்றால் ஹோமம் எங்கே வளர்ப்பது?

"நான் சொல்றேன், பிரிடா. என்னாகும் பார்த்துடலாம்" என்றார் பாச்சு.

ஒன்பதாம் நாள் பிரித்தார்கள். ஜடையன் உள்ளே ஒவ்வொரு முட்டாகத் தட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் வெளியே கூப்பிட்டு மேஸ்திரிக்குக் காப்பி கொடுத்தார். ரத்தினவேல் டம்ளரைக் கையில் வாங்கினார். இரண்டாவது வாய் குடிப்பதற்குள் உள்ளே சத்தம் கேட்டது.

தளத்தில் பாதி இறங்கிவிட்டது. ஜடையன் பிழைத்தான், இடது கால் போனது போனதுதான். போலீஸ் வந்தபோது, "நான் ஒண்ணும் சொல்லலை, சென்ட்ரிங்காரனே பிரிச்சுட்டான்" என்றார் பாச்சு. முற்றத்துத் தூணோரம் அவருடைய மகன் நின்றுகொண்டிருந்தான். சட்டக் கல்லூரியில் படிக்கிற பையன். அப்பா சொன்னதையும் கேட்டவன், இப்போது சொல்வதையும் கேட்டவன். அவன் வாயைத் திறக்கவில்லை. கேஸ் ரத்தினவேல் பேரில் எழுதப்பட்டது.

அந்த மகன்தான் ஸ்ரீவத்ஸன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ரத்தினவேலுக்கு மைசூரில் எவனும் வேலை கொடுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடு என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். போகவில்லை. திரும்ப முதல் வேலை கிடைத்த அன்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். முட்டு பிரிக்கும் நேரத்தில், கடைசிக் கம்பு சாயும் வரைக்கும், தளத்துக்கு நேர் கீழே அவரே நிற்பார். கையில் காப்பி, பீடி எதுவும் இருக்காது. நாள் ஆகவில்லை என்றால் எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் பிரிக்க மாட்டார்.

முதலில் பைத்தியம் என்றார்கள். கொஞ்ச நாளில், "கீழே நிக்கிற மேஸ்திரியைக் கூப்பிடு" என்று தேடி வர ஆரம்பித்தார்கள். தன் தலைக்கு மேலே தானே போட்ட தளத்தை நிறுத்திக் காட்டுகிறவனை விட வேறு என்ன விளம்பரம் வேண்டும்? யார்டு வந்தது. மண்டியா, ஹாசன், சாமராஜநகர் என்று ஷீட்டு வாடகைக்குப் போனது. ஒப்பந்த வேலைகள் வந்தன, செங்கல் தொழிற்சாலை வந்தது, மகள் உமாதேவி இன்ஜினியரிங் முடித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தாள். கட்சியில் சேர்ந்தார், ஒரு தேர்தலில் நின்று தோற்றார், ஒரு முறை மேலவைக்குப் போனார். அவையில் அதிகம் பேசமாட்டார். 'யாருக்கும் தொந்தரவில்லாத மனுஷர்' என்று கட்சியில் பெயர். கவர்னர் பதவிக்கு அதை விடத் தகுதி தேவையில்லை என்று நினைத்துத்தான் அனுப்பினார்கள். முட்டு பிரிக்கும்போது அவரை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

"வக்கீலய்யா, இதுல ஒரு வரி இருக்குதுங். 'நான் நேர்ல விசாரிச்சு எனக்குத் திருப்தி ஆயிருச்சு'ன்னு. நான் எங்கீங் விசாரிச்சேன்? நேத்து மார்டள்ளியில அடுப்புக்கு வெறகு தள்ளிக்கிட்டு இருந்தேன்."

"அது எல்லா லெட்டர்லயும் வர்ற வாசகம். அதையெல்லாம் பார்த்தா முடியுமா?"

"பாக்காம வேற என்னத்தப் பாக்கறதுங்? கையெழுத்துக்கு மேல இருக்கறதைத்தானே பாக்கோணும்."

ரத்தினவேலின் மனைவி பொன்னம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். ஸ்ரீவத்ஸன் எடுத்துக்கொண்டார். ரத்தினவேலின் டம்ளர் மேஜையிலேயே இருந்தது.

"நோடி, இங்க பாருங்கோ ரத்தினவேல், அந்த கவர்மென்ட் நிக்காது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினோரு நாள் கழிச்சு விழறது இன்னிக்கே விழட்டுமே."

"தானா விழுந்தா விழுகட்டும்ங். சபை கூடட்டும், கையைத் தூக்கட்டும், எண்ணிப் பாக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் முட்டைப் பிரிக்க மாட்டேன்."

"இது ஸ்டேட்டு. சென்ட்ரிங் வேலை இல்லை."

"ஆமாங். சென்ட்ரிங்ல ஒரு ஊடுதான் விழுகும்."

ஸ்ரீவத்ஸன் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "பழசை எதுக்கு இழுக்கறேள்?"

"நான் இழுக்கல. நீங்கதான் உறையில போட்டுக் கொண்டாந்திருக்கறீங்க. அன்னைக்குப் பிரிக்கச் சொன்னது யாரு? உங்கப்பா. பிரிச்சது யாரு? நானு. ஸ்டேஷன்ல யாரு பேரை எழுதுனாங்க? இன்னைக்கும் சொல்றது டெல்லி, கையெழுத்து மட்டும் என்றது. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா, 'நாங்க ஒண்ணும் சொல்லலை, கவர்னரே எழுதிட்டாரு'ன்னு சொல்லுவாங்க. கீழ மாட்டறது அந்த ஊருச் சனம். டெல்லி வெளிய நின்னு காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்."

ஸ்ரீவத்ஸன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மெதுவாக மேஜை மேல் வைத்தார்.

"பதவி போயிடும்" என்றார். மிரட்டலாக அல்ல, நிஜமான வருத்தத்தோடு. "உங்களுக்கு வாங்கிக்கொடுக்க நான் எத்தனை வாசப்படி ஏறி இறங்கினேன் தெரியுமா? ஒரு விதத்துல... அப்பா பண்ணினதுக்குப் பதில்னு நெனச்சுண்டேன்."

ரத்தினவேலுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. கவர்னர் மாளிகையின் நீளமான புல்வெளி கண்ணில் வந்தது. தாசில்தார் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அப்பாவின் மகனுக்கு, கலெக்டர்கள் எழுந்து நிற்கிற பதவி. வேண்டாம் என்று சொல்ல அவர் ஒன்றும் சாமியார் அல்ல. அந்தப் பதவி அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

"அந்தப் பதிலை ஜடையனுக்குச் சொல்லியிருக்கோணும்ங்" என்றார். "என்ற காலு நல்லாத்தான் இருக்குது."

அடுப்படியிலிருந்து பொன்னம்மாவின் குரல் வந்தது: "ஏனுங், போனாப் போவட்டும் உடுங். அந்த மலைக் குளுருல என்ற ரெண்டு மொழங்காலும் புடிச்சுக்கிட்டதுதான் மிச்சம். பாத்ரூமுக்குப் போறதுக்கே ஒரு பர்லாங்கு நடக்கோணும் அந்த ஊட்டுல!"

ரத்தினவேல் கடிதத்தை மடித்து அதே உறையில் போட்டு, இரண்டு கையாலும் ஸ்ரீவத்ஸனிடம் நீட்டினார்.

அன்று மத்தியானமே ரத்தினவேல் மலை மாநிலத்துக்குத் திரும்பினார். டெல்லியிலிருந்து போன் வந்தது; எடுத்தார்; எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். சபை கூடட்டும். பதினோராம் நாள் சபை கூடியது. முதலமைச்சர் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

ஆமாம், தோற்றுத்தான் போனார். ஸ்ரீவத்ஸன் சொன்னபடியே நடந்தது. கவர்னர் முறைப்படி ராஜினாமாவை வாங்கிக்கொண்டு, எதிர்த்தரப்புத் தலைவரை ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். மூன்றாவது வாரம், ரத்தினவேலுக்குப் பதிலாக வேறொருவர் நியமிக்கப்பட்டிருப்பதாக நான்கு வரியில் ஓர் உத்தரவு வந்தது. விழப்போகிற ஆட்சிக்காகப் பதவியை விட்ட ஏமாளி என்று டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்து சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டிருந்தாலும் இதே முடிவுதானே என்றார்கள்.

அதே முடிவா? தோற்ற முதலமைச்சர் கடைசியாக விடைபெற வந்தபோது ரத்தினவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் சபையில், என் ஆட்கள் முன்னால் தோற்றேன். அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தானாக விழுவதற்கும் தள்ளிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் டி.வி.யில் உட்கார்ந்திருந்த நால்வருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு சென்ட்ரிங்காரனுக்குத் தெரியும்.

ரத்தினவேல் மைசூர் திரும்பிய மூன்றாம் நாள், ஊரோரம் போகாதிப் பகுதியில் உமாதேவி கட்டுகிற ஒரு கல்யாண மண்டபத்தின் வேலை. தளம் போட்டு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள் முன்பே பிரித்திருக்கலாம். ஜடையன்தான் விடவில்லை. அறுபத்தைந்து வயதில், மரக்கட்டையை ஊன்றிக்கொண்டு, இன்றைக்கும் யார்டில் ஷீட்டு எடுத்துக்கொடுப்பவர் அவர்தான்.

"மேஸ்திரி வரட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கறேன்" என்றார் ஜடையன். கவர்னரானபோதும் அவர் வாயில் மேஸ்திரிதான், இப்போதும் மேஸ்திரிதான்.

"ஏன்டா, நான் இல்லாட்டி நீ நின்னிருக்கக் கூடாதா?"

"ஒரு காலை உங்களுக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ணு பொண்டாட்டிக்கு வேணும்."

ரத்தினவேல் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார். முன்னாள் கவர்னருக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிக் காவலர் பதறிப்போய் ஓடிவந்தார். மண்டியாக்காரர், புது ஆள்.

"சார், பேட சார், வேண்டாம்! கீழே நிக்கக் கூடாது. புரோட்டோகால் ஒத்துக்காது."

"நீங்க வெளிய நில்லுங்க. உங்க புரோட்டோகால் கவர்னருக்கு. அவரு போன வாரமே போயிட்டாரு."

கார் ஒன்று வந்து நின்றது. ஸ்ரீவத்ஸன் இறங்கினார். போன் பண்ணாமல் வந்திருந்தார். கட்சியில் அவரையும் ஓரங்கட்டிவிட்டதாகப் பேச்சு. மண்டபத்து வாசல்படி வரைக்கும் வந்து, உள்ளே நிற்கிற கம்புக் காட்டையும் அதன் நடுவில் நிற்கிற மனிதரையும் பார்த்தார். உமாதேவியின் ஆள் ஒருவர் பழக்கத்தில் அவரிடம் காப்பி டம்ளரை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"ஆரம்பிடா" என்றார் ரத்தினவேல்.

டங்கென்று முதல் முட்டின் ஜாக்கி தளர்ந்தது. பிறகு அடுத்தது. ஷீட்டுகள் ஒட்டு விட்டு ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. சிமென்ட் தூசி ரத்தினவேலின் வெள்ளை முடியில் இறங்கியது. அவர் அண்ணாந்து தளத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்து, கடைசியில் ஓர முட்டு ஒன்றுதான் மிச்சம்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"வக்கீலய்யா, நாப்பது வருஷமா வெளியவே நிக்கறீங்களே. கால் வலிக்கலீங்ளா?"

ஸ்ரீவத்ஸன் தளத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். வாசல்படி தாண்டி உள்ளே ஒரு கால் வைத்தார். இன்னொரு கால் வெளியிலேயே இருந்தது.

அவர் முடிவு செய்கிற வரைக்கும் ஜடையன் காத்திருக்கவில்லை. மரக்கட்டையை ஊன்றிக்கொண்டு குனிந்து, சுத்தியலால் கடைசி முட்டின் அடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

முட்டு சாய்ந்தது. தளம் நின்றது.